எல்கேஜியா, வயது கலந்த விளையாட்டுப் பள்ளியா?

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மூன்று வயது நிரம்பிய பிள்ளையை எங்கே விடுவது என்ற பேச்சு வந்தால் வீடு இரண்டுபட்டுவிடுகிறது. எங்கள் மகளை, மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூடத்தில் இருக்கும் சிறிய விளையாட்டுப் பள்ளியில் விட்டோம். அண்ணன் மகன் வழக்கமான எல்கேஜி, யூகேஜி படித்தான். இரண்டையும் அருகிலிருந்து பார்த்தவள் நான். என் மனம் விளையாட்டுப் பள்ளியின் பக்கம்தான் சாய்கிறது.

வேன் வசதியும் முழுநேரமும் வேண்டும் என்றால் பெரிய பள்ளிதான். நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் மதியத்தோடு முடிந்துவிடும். வீட்டில் ஆச்சி இருந்ததால் சமாளித்தோம். எழுத்திலும் எல்கேஜிதான் முந்தும். நாலு வரி நோட்டில் அண்ணன் மகன் தன் பெயரை அழகாக எழுதிய வயதில், மகள் களிமண்ணில் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். “இன்றைக்கு என்ன எழுதினாய்?” என்று ஆச்சி கேட்பார்கள். “எழுதவில்லை ஆச்சி, கடை வைத்தோம்” என்பாள். அம்பாசமுத்திரம் மரச் சொப்புகளை வைத்துத்தான் அந்தக் கடை.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று: பிள்ளைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது.

அங்கே ஐந்து வயதுப் பையன் ஒருவன் பல்லாங்குழியில் குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டை போடுவான். மகள் முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனோடு சேர்ந்து வாய்விட்டு எண்ணினாள். ஒருநாள் நான்கு கொட்டை சேர்ந்த குழியை எண்ணாமலேயே கண்டுபிடித்து, அவனுக்கு முன்பாக “பசு!” என்று கத்தினாள். குழியில் நான்கு சேர்ந்தால் பல்லாங்குழியில் அதற்குப் பசு என்று பெயர். நான்கு என்ற அளவைக் கண்ணாலேயே பிடிக்க எந்த ஆசிரியையும் அவளுக்குப் பாடம் நடத்தவில்லை. அந்தப் பையனுக்கும் லாபம்தான். சின்னவளுக்கு விதியைச் சொல்ல, தனக்குத் தெரிந்ததை அவன் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவள் ஒரு குழியைத் தாண்டிப் போட்டால், கோபப்படாமல் திருத்தவும் வேண்டியிருந்தது.

எல்கேஜியில் எல்லாரும் ஒரே வயது என்கிறோம். ஜூனில் பிறந்தவனும் அடுத்த மே மாதம் பிறந்தவனும் அங்கே ஒரே பெஞ்சில்தான் இருக்கிறார்கள். மூன்று வயதில் பதினொரு மாதம் என்பது பிள்ளை வாழ்ந்த காலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஆனாலும் இருவருக்கும் ஒரே பக்கம், ஒரே வீட்டுப்பாடம். கடைக்குட்டியாகச் சேர்ந்தவன் அதே வகுப்போடு ஏறிப்போகும்வரை கடைக்குட்டிதான். ‘மெதுவான பிள்ளை’ என்ற பெயர் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. வயது கலந்த கூடத்தில் அந்த இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. சேரும்போது மகள்தான் சின்னவள். கடைசி வருஷம் புதிதாக வந்து அழுத பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டது அவள்தான்.

இது புது மோஸ்தர் அல்ல. 1907இல் ரோமில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தொடங்கிய பள்ளியிலேயே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகத்தான் இருந்தார்கள். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் பிள்ளைகளோடு வேலை செய்தார். நம் அங்கன்வாடியும் வயது கலந்த கூடம்தான், அதுவும் இலவசமாக. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது என்று பணியாளர் தலையில் எல்லாம் விழாதிருந்தால் அதையே முதலில் சொல்லியிருப்பேன். அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்றுதான் பிரித்தது.

ஒன்றாம் வகுப்பில் என்ன ஆகும் என்பதுதான் எல்லாருடைய பயமும். சேர்க்கையின்போது பிள்ளைக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் நாங்கள் போன ஒரு பள்ளியில் பென்சிலை நீட்டினார்கள்; வேறு பள்ளி பார்த்துக்கொண்டோம். தொடக்கத்தில் மகள் கரும்பலகையைப் பார்த்து எழுதத் திணறினாள். அரையாண்டுத் தேர்வுக்குள் சரியாகிவிட்டது. இது ஒரே ஒரு பிள்ளையின் கதை. நான்காம், ஐந்தாம் வகுப்பில் எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்ல மாட்டேன். மிகவும் கூச்சப்படும் பிள்ளைக்கு இந்தக் கலகலப்பு ஒத்துவருமா என்பதும் என் அனுபவத்துக்கு வெளியே.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயருக்கு வயது கலப்பு என்று சொல்லிவிட்டு, நாலரை வயதானதும் பெரிய பிள்ளைகளை எல்லாம் யூகேஜிக்கு அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. மிஞ்சுவது மூன்று வயதுக் கூட்டம் மட்டும்தான். பார்க்கப் போகும்போது ஐந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். விளையாட்டுச் சாமான் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா, பீரோவில் பூட்டிக் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.