மியூஸ்ஸ்கோர், டொரிகோ, சிபெலியஸ்: இசை எழுதும் மாணவருக்கு எது ஒத்துவரும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இசை எழுதத் தொடங்கும் படிவம் 5 மாணவரிடம் பெரும்பாலும் இருப்பது 4 அல்லது 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி, கைப்பேசி டேட்டா, பள்ளிக் கூட்டுப்பாடலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ எழுதித் தரவேண்டிய ஒரு பாட்டு. இவற்றை வைத்துத்தான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சினிமா இசையமைப்பாளர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்பது இங்கே உதவாது.

முதலில், இசை எழுதும் பழைய மென்பொருளான ஃபினாலேயைத் தள்ளிவிடலாம். அதன் வளர்ச்சியை 2024 ஆகஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். டியூஷன் ஆசிரியர் அதில் கோப்பு கொடுத்தால், மற்ற இசை மென்பொருள்களும் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவில் ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள். கூடவே ஒரு பிடிஎஃப் வாங்கிக்கொள்ளுங்கள். சுரமும் வரியும் வந்து சேரும், பக்க அமைப்பு கலைந்துவிடும். எதை எங்கே வைத்திருந்தார் என்று பிடிஎஃப்பைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ முழுக்க இலவசம், வாத்திய எண்ணிக்கைக்கு வரம்பில்லை. அதை .ஆர்க் தளத்தில் இறக்குங்கள். அதே பெயருள்ள .காம் தளம் பிறர் எழுதிய தாள்களைச் சந்தாவுக்குத் தரும் வேறொரு சேவை. மென்பொருளுக்கு அங்கே அட்டை எண் கொடுக்கத் தேவையே இல்லை. மியூஸ் சவுண்ட்ஸ் ஒலித்தொகுப்பு அழகுதான், ஆனால் பல ஜிபி டேட்டாவை விழுங்கும். ரேம் குறைந்த கணினியில் ஒலி விட்டுவிட்டு வரும். மிக்ஸரில், மென்பொருளோடு வரும் எம்எஸ் பேசிக் ஒலியைத் தேர்ந்தால் போதும். அதற்கும் கணினி திணறினால் 3.6 பதிப்பைப் போடுங்கள். 4ஆம் பதிப்புக் கோப்பு 3இல் திறக்காது என்பதால், நண்பரோடு சேர்ந்து எழுதுபவர்கள் ஒரே பதிப்பில் இருக்கவேண்டும்.

டொரிகோ எஸ்ஈயும் இலவசம், 8 வாசிப்பாளர்கள் வரை. இது எண்ணிக்கையைவிடத் தாராளமானது: ஒரு பாடகர் குழுவின் சோப்ரானோ வரிசை முழுவதும் ஒரு வாசிப்பாளராகத்தான் கணக்காகும். நான்கு குரல், கீபோர்டு, புல்லாங்குழல், தபேலா என்று வைத்தாலும் இடம் மிஞ்சும். சிபெலியஸின் இலவசப் பதிப்பில் 4 பகுதிகள் மட்டுமே. நான்கு குரலுக்குச் சரி, கீபோர்டு சேர்த்தால் ஐந்தாகிவிடும். அதற்கு மேல் காசு கட்டவேண்டும். போகப்போகும் கல்லூரியில் சிபெலியஸ் கட்டாயம் என்று தெரிந்தால் ஒழிய, பள்ளி வயதில் அதற்குக் காசு கட்ட வேண்டாம்.

உண்மையான வித்தியாசம், எழுதியதை மாற்றும்போது தெரியும். பல்லவியின் நடுவில் ஒரு சுரம் கூடுதலாக வேண்டுமென்றால், டொரிகோவில் இன்சர்ட் நிலையை இயக்கி எழுதினால் பின்னால் உள்ளவை நகர்ந்து, தாளக்கோடுகள் தாமாகச் சரியாகும். மியூஸ்ஸ்கோரில் அப்படிச் செய்தால் அந்த ஒரு பட்டை (இரு தாளக்கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) மட்டும் நீண்டுவிடும். அங்கே, அந்த இடத்திலிருந்து கடைசிவரை தேர்ந்து வெட்டி, ஒரு துடிப்பு தள்ளி ஒட்டவேண்டும். தாளமும் அப்படியே. ஏழு துடிப்புள்ள மிஸ்ர சாபு தாளத்துக்கு டொரிகோவில் ஷிப்ட்+எம் அழுத்தி, சதுர அடைப்புக்குள் 3+4, பிறகு சாய்கோடு, 8 என்று தட்டினால் மூன்றும் நான்குமாகச் சுரங்கள் கொத்தாகச் சேரும். மியூஸ்ஸ்கோரில் 7/8ஐ இட்டபின் தாளக்குறியின் பண்புகளைத் திறந்து கொத்துகளைக் கையால் பிரிக்கவேண்டும். அடிக்கடி மனம் மாறி எழுதுபவருக்கு டொரிகோதான் நல்லது. தொடக்கத்தில் அது கொஞ்சம் விளங்காது, இரண்டு வாரம் பொறுக்கவேண்டும்.

ஒன்றைப் பழகி இன்னொன்றுக்குத் தாவுவதில் ஒரு சிக்கல்: கால் சுரத்துக்கு (குவார்ட்டர் நோட்) மியூஸ்ஸ்கோரில் 5ஆம் எண் விசை, டொரிகோவில் 6. சிபெலியஸில் எண்பலகையின் 4. எண்பலகை இல்லாத மடிக்கணினியில், சிபெலியஸில் மேல்வரிசை எண்ணைத் தட்டினால் அளவு மாறாது, மேலே இன்னொரு சுரம் ஏறி உட்காரும். அமைப்புகளில் மடிக்கணினிக்கான குறுக்குவிசைகளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு கட்டையில் எழுதியதைப் பாடகிக்காக ஐந்து கட்டைக்கு ஏற்றுவது மூன்றிலும் எளிது: முழுவதும் தேர்ந்து, மேல்நோக்கிச் சரியான ஐந்தாம் இடைவெளிக்கு மாற்றினால் சியிலிருந்து ஜிக்குப் போகும். சுருதிக்குறியையும் (கீ சிக்னேச்சர்) சேர்த்து மாற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

தமிழ் வரிதான் கடைசிச் சோதனை, முக்கியமானதும் அதுவே. மியூஸ்ஸ்கோரிலும் சிபெலியஸிலும் கண்ட்ரோல்+எல், டொரிகோவில் ஷிப்ட்+எல். இடைவெளி விட்டால் அடுத்த சுரம், சிறுகோடு இட்டால் சொல் பிரியும். புள்ளி வைத்த மெய்யை முன்னெழுத்தோடு விடுங்கள்: 'தங்-கம்'. 'த-ங்-கம்' என்று பிரித்தால் ஒரு சுரம் வீணாகிப் பின்வரும் வரி முழுதும் தள்ளிப்போகும். மியூஸ்ஸ்கோரில் பாடல்வரிக்கு ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரு பாணிகள் உண்டு. இரண்டுக்கும் லதா போன்ற தமிழ் எழுத்துருவை இடாவிட்டால் இரண்டாம் சரணம் வேறு உருவில் நிற்கும். எழுதி முடித்ததும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்குத் திருப்புங்கள், இல்லையென்றால் ஏ முதல் ஜி வரை தட்டினாலும் சுரம் விழாமல் போகலாம்.

எந்த மென்பொருளானாலும் முழுப் பாட்டை எழுதுமுன் கொ, கோ, கௌ, ஸ்ரீ வரும் நான்கு பட்டைகளை எழுதி, தாளை ஏ4 ஆக்கி, பிடிஎஃப்பாக்கிக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகியிருந்தால், போட்டோஸ்டேட் கடையிலும் அப்படித்தான் அச்சாகும்.