பாரிஸுக்கு வெளியே மூன்று வட்டப் பாதைகள்: கிராமம் எந்த இடத்தில் வருகிறது?

வட்டப் பாதை என்றால் என்ன என்று மாமாவுக்கு விளக்கினேன். ஓரிடத்தில் தொடங்கி, காடு, கிராமம், மறுபடி காடு என்று சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வது. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்னடா தம்பி, திரும்பியும் இங்கதானே வரப்போறம்? பிறகென்னத்துக்கு வெளிக்கிடுவான்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். வயது அறுபத்தெட்டு. பாரிஸின் லாச்சப்பலில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை எங்காவது கூட்டிப் போக வேண்டியிருந்தது. அந்த மூன்று மாதத்தில் மூன்று வட்டங்கள் நடந்தோம். ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கு, ஃபோன்தென்ப்ளோ காட்டை ஒட்டிய பார்பிசோன், கொம்பியேஞ் காட்டுக்குள் இருக்கும் பியேர்ஃபோன். மூன்றுமே பாரிஸிலிருந்து ஒரே நாளில் போய் வரக்கூடியவை. எது நல்லது என்று கேட்பவர்களுக்கு இனி ஒவ்வொரு முறையும் போனில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எல்லாரும் முதலில் தூரத்தைக் கேட்பார்கள். நான் பார்ப்பது வேறு: கிராமம் எந்த இடத்தில் வருகிறது? வட்டப் பாதையில் பாதிக்கு வந்துவிட்டால் திரும்பினாலும் அதே தூரம், தொடர்ந்தாலும் அதே தூரம். அந்த இடத்தில் உட்கார ஒரு பெஞ்சும் தண்ணீர்க் குழாயும் இருந்தால் இருபது கிலோமீட்டர்கூடப் பெரிதில்லை. இல்லையென்றால் பத்தே மலைப்புதான்.

ஷெவ்ரூஸ்: ரயிலை விட்டு இறங்கினால் பாதை

புதிதாக நடக்க வருபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பாரிஸின் வடக்கு ரயில் நிலையமான கார் து நோரில் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் ஏறி, தெற்கே கடைசி நிலையமான சேன்-ரெமி-லே-ஷெவ்ரூஸில் இறங்கினால் போதும். நவிகோ மாதச் சீட்டு உள்ளவர்களுக்குத் தனிச் செலவில்லை. சீட்டு இல்லாதவர்களுக்கும் 2025 ஜனவரியில், பாரிஸும் சுற்றுப்புறமும் சேர்ந்த இல்-து-பிரான்ஸ் முழுக்க ரயிலுக்கு ஒரே கட்டணம் என்று ஆக்கிய பிறகு பெரிய சுமையில்லை.

நிலையத்திலிருந்து இவெத் என்ற சின்ன ஆற்றை ஒட்டிச் சமதளமாக இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஷெவ்ரூஸ் ஊர். வாய்க்காலின் மேல் வீட்டுக்கு ஒன்று என்கிற மாதிரி குட்டிக் குட்டிப் பாலங்கள். ஒரு காலத்தில் தோல் பதனிடுபவர்களும் துணி வெளுப்பவர்களும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தார்கள். மாமா ஒவ்வொரு பாலத்திலும் நின்றார். "வீட்டு வாசலிலயே வாய்க்கால்" என்று மூன்று முறை சொன்னார்.

ஊருக்கு மேலே குன்றில் மதலேன் கோட்டை. நாடக ஆசிரியர் ராசின், 1661-இல், இருபத்தொரு வயதில், இங்கே கட்டட வேலையை மேற்பார்வை பார்க்க அனுப்பப்பட்டார். வேலை பிடிக்கவில்லை. நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக 'பாபிலோன்' என்று போட்டார், நாடுகடத்தப்பட்டவனைப் போல. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மதுக்கடைக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறார். இன்று அவர் பெயரிலேயே ஒரு நடைபாதை இருக்கிறது. மிலோன்-லா-ஷப்பல், சேன்-லம்பேர் என்ற சிற்றூர்கள் வழியாக, அவர் சிறுவனாகப் படித்த போர்-ருவயால் மடம் வரைக்கும் அது போகிறது. மடம் இருந்த இடத்தில் இப்போது புல்வெளியும் சிதைந்த அடித்தளமும்தான். பதினான்காம் லூயி 1709-இல் கன்னியர்களை வெளியேற்றி, அதன்பின் கட்டடத்தையும் இடிக்கச் சொன்னார்.

போர்-ருவயால் வரை போய்த் திரும்பினால் இருபது கிலோமீட்டர் பக்கம் வரும். மிலோனிலேயே மடக்கினால் பன்னிரண்டுக்குள் முடியும். இந்த வட்டத்தின் பலமே இதுதான், எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். குறை என்றால் சேறு. நவம்பர் முதல் மார்ச் வரை அந்தக் களிமண் காலைப் பிடித்தால் விடாது. இன்னொன்று, காடு இங்கே துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. காட்டுக்குள் ஐந்து நிமிடம் நடப்பதற்குள் யாரோ ஒருவருடைய குதிரை லாயம் வந்துவிடும். காட்டுக்காகப் போகிறவர்களுக்கு இது சப்பென்றிருக்கும்.

பார்பிசோன்: காடு முழுசு, கிராமம் ஒன்று

ஃபோன்தென்ப்ளோவின் கதை நேர் எதிர். இங்கே காடுதான் எஜமான். மரத்தைவிடப் பாறை அதிகம் என்று தோன்றும். முப்பது மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல் பழைய கடல் மணல் இறுகிக் கல்லாகி, பிறகு அரித்து உருண்டு கிடக்கிறது. சில பாறைகளின் மேற்பரப்பு வெடித்து வெடித்து, கிழட்டு யானையின் தோல் மாதிரி இருக்கும். கை வைத்தால் சொரசொரவென்று சர்க்கரை போல் மணி மணியாக உதிரும். காலடியில் வெள்ளை மணல். கண்ணாடி செய்யப் பயன்பட்ட அளவுக்குச் சுத்தமான மணல். சப்பாத்துக்குள் போய்விட்டால் அந்தச் சுத்தத்தால் ஒரு பயனும் இல்லை.

பார்பிசோன் என்பது ஒரே தெரு. பாரிஸில் காலரா பரவிய 1849-இல் ஓவியர் மில்லே குடும்பத்தோடு இங்கே வந்தார், 1875-இல் சாகும்வரை போகவில்லை. தியோதோர் ரூசோ என்ற ஓவியரும் இங்கேதான் வாழ்ந்தார். கான் சத்திரத்தில் தங்கிய ஓவியர்கள் அலமாரிக் கதவு, சுவர் என்று கிடைத்த இடத்திலெல்லாம் வரைந்து வைத்தார்கள். இப்போது அது அருங்காட்சியகம். ஊரின் மறுபக்கம் ஷாயி சமவெளி, தட்டையான வயல். அறுவடைக்குப் பின் சிந்திய கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை மில்லே 1857-இல் வரைந்தது இந்த வயல்களைப் பார்த்துத்தான். அந்த ஓவியத்தை ஓர்சே அருங்காட்சியகத்தில் மாமாவுக்கு ஏற்கெனவே காட்டியிருந்தேன். வயல் விளிம்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். "எங்கட ஊரிலயும் நெல்லு அருவி வெட்டின பிறகு இப்பிடித்தான் பொறுக்குவினம்" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

தெரு முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. கொஞ்ச தூரத்தில் ஒரு பாறையில் மில்லே, ரூசோ இருவர் முகத்தையும் வெண்கலத்தில் பதித்திருக்கிறார்கள், 1884-இல் வைத்தது. அந்த மரியாதைக்குக் காரணம் உண்டு. பழைய மரங்களை வெட்டுவதை எதிர்த்து ரூசோ, பிரான்ஸை ஆண்ட மூன்றாம் நெப்போலியனிடம் முறையிட்டார். ஓவியர்களின் அந்த நெருக்கடிக்குப் பிறகுதான் 1861-இல் 1,097 ஹெக்டேர் காடு அழகுக்காகவே ஒதுக்கப்பட்டது. உலகின் முதல் தேசியப் பூங்கா எனப்படும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872-இல்தான் வந்தது.

ஆப்ரெமோன் பாறைப் பள்ளத்துக்குள் சுற்றி வர எட்டு முதல் பத்து கிலோமீட்டர். கணக்கில் சின்னது, காலுக்குச் சின்னதில்லை. பாறை ஏறு, இறங்கு, மணலில் புதை, மறுபடி ஏறு. கூடவே பாதைக் குறிகளின் குழப்பம். முதலாம் நெப்போலியனின் படையில் இருந்த தெனெகூர் என்ற பழைய வீரர் 1842 முதல் தன் கைக்காசில் வெட்டிக் குறியிட்ட பாதைகளில் நீலக் கோடு இருக்கும். ஒரே பாறையில் அந்த நீலமும், நெடுந்தூரப் பாதைக்கான வெள்ளை-சிவப்பும், பாறை ஏறுபவர்களுக்கான அம்புக்குறிகளும் சேர்ந்திருக்கும். அம்பைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு செங்குத்துப் பாறையின் அடியில் போய் நிற்பீர்கள். நாங்கள் நின்றோம். பாறை ஏறும்போது விழுந்தால் தாங்கும் மெத்தையை முதுகில் சுமந்துகொண்டு வந்த இரண்டு இளைஞர்கள் சிரித்துக்கொண்டே வழி காட்டினார்கள். பிரெஞ்சு அரசு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் வரைபடம் 2417 ஓ.டி. கையில் இருப்பது நல்லது, பள்ளத்துக்குள் போன் சிக்னலை நம்பக் கூடாது.

என் கணக்குப்படி இந்த வட்டத்தின் குறை இதுதான்: கிராமம் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும். நடுவில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஃபோன்தென்ப்ளோ-அவோன் நிலையம் வரை பாரிஸின் கார் து லியோன் ரயில் நிலையத்திலிருந்து நாற்பது நிமிடம், நவிகோ செல்லும். ஆனால் அங்கிருந்து பார்பிசோன் பத்து கிலோமீட்டர். கார் உள்ள நண்பர் வேண்டும். அப்புறம் ஊரே ஓவியக்கூடமும் உணவகமுமாக மாறிவிட்டது. ஒரு காபியின் விலையைப் பார்த்து மாமா வெளியிலேயே நின்றுவிட்டார்.

இதே காட்டுத் தொகுதியில் 'இருபத்தைந்து மேடு' என்ற வட்டம் இன்னும் புகழ் பெற்றது. கிராமமே இல்லாமல் பதினாறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம். அது நடை இல்லை, தேகப்பயிற்சி. இந்த அலசலில் சேர்க்கவில்லை.

பியேர்ஃபோன்: எல்லாம் சரி, பஸ்ஸைத் தவிர

கிராமமும் காடும் சரியான அளவில் கலந்திருப்பது இங்கேதான். பியேர்ஃபோனில் தொடங்கி சேன்-ஜான்-ஓ-புவா, சேன்-பியேர் குளங்கள், வியூ-மூலேன், மறுபடி பியேர்ஃபோன். பதினெட்டு கிலோமீட்டர் பக்கம் வரும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஓர் ஊர், நடுவே நிறுத்தாமல் காடு. பீச் மரங்கள் கிளையே இல்லாமல் நெடுநெடுவென்று மேலே போய் ஒரேயடியாக விரிந்து நிற்கின்றன. கீழே வெளிச்சம் பச்சையாக இறங்குகிறது. மாமா குரலைத் தணித்துப் பேச ஆரம்பித்தார், கோவிலுக்குள் வந்தவர் மாதிரி.

பியேர்ஃபோன் கோட்டை தூரத்தில் அப்படியே இடைக்காலம். கிட்டப் போனால், இடிந்து கிடந்ததை 1857 முதல் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் எடுத்துக் கட்டியது என்று தெரியும். பார்ப்பதற்கு ஜோர்தான். எனக்குப் பிடித்தது சேன்-ஜான்-ஓ-புவா. பன்னிரண்டாம் நூற்றாண்டு மடத்தைச் சுற்றி வளர்ந்த ஊர், ஒரு கோட்டை வாசல் வழியாக உள்ளே நுழைய வேண்டும். உள்ளே போனால் சில வீடுகள், தேவாலயம், ஒரு பூனை. வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கில் வருகிறது, முதல் சாப்பாட்டுக்குச் சரியான இடம். புளிச்சோற்று டப்பாவைத் திறந்தோம். பிரெஞ்சுக் கிராமத்தில் ஞாயிறு மதியத்துக்குமேல் ரொட்டிக்கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிக்கு ஊற்ற வாசல் அருகே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்ற பலகை இல்லையென்றால் பிடித்துக்கொள்ளலாம். மாமாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தாகம் எடுத்த பிறகு குடித்தார்.

வழி தவறவும் முடியாது. காட்டுச் சந்திகளில் வெள்ளைக் கம்பம், அதில் ஒரு பக்கம் சின்னச் சிவப்புக் குறி. அந்தச் சிவப்பு இருக்கும் திசையில் கொம்பியேஞ் அரண்மனை. மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனி காட்டில் வழி தவறியதால் போட்டது என்று ஊர்க்கதை. ஆனால் செப்டம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை நாய்களை விட்டு மான் வேட்டையாடும் பருவம், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். கோடையில் முழங்கால் மடிப்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று வீட்டுக்கு வந்ததும் பாருங்கள். மூன்று காட்டுக்கும் இது பொருந்தும்.

செலவு இங்கே கூடுதல். கொம்பியேஞ் இல்-து-பிரான்ஸுக்கு வெளியே, நவிகோ செல்லாது. ரயில் கார் து நோரிலிருந்துதான், ஆனால் தனி டிக்கெட். அங்கிருந்து பியேர்ஃபோன் பதினான்கு கிலோமீட்டர், பஸ் குறைவு.

ஆக, முதல் நடைக்கு ஷெவ்ரூஸ். கார் இருந்து, முழங்கால் நன்றாக இருந்து, ஓவியமும் பிடிக்குமென்றால் பார்பிசோன். ஒரே ஒரு வட்டம்தான் நடக்க முடியும் என்றால் யோசிக்காமல் பியேர்ஃபோன். ஆனால் திரும்பும் பஸ் அட்டவணையை அடிக்குறிப்பு வரைக்கும் வாசித்துவிட்டுப் போங்கள். நான் வாசிக்கவில்லை. மாலை ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு எதிரே ஒரு சின்ன எழுத்து இருந்தது. அந்த எழுத்துக்குக் கீழே விளக்கம்: பள்ளி நாட்களில் மட்டும்.

குளக்கரை பஸ் தரிப்பில் மாமா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டையைப் பார்த்தபடி இருந்தார். நான் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் போன் அடித்துக்கொண்டிருந்தேன்.

"வெளிக்கிட்ட இடத்துக்கே வந்து சேருவம் எண்டு சொன்னனி" என்றார் மாமா. "வந்திட்டம். இனி?"