அடர் நிறம் அடிக்கப் போகிறீர்களா? பெயின்ட் வாளியின் மூடியை முதலில் பாருங்கள்

வரவேற்பறையில் ஒரு சுவருக்கு மயில்கழுத்து நிறம், படுக்கையறையில் கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு அரக்குச் சிவப்பு. இரண்டும் பல நாள் யோசித்து, ஷேட் கார்டில் எண் குறித்துவைத்துக் கேட்ட நிறங்கள். இன்று இரண்டு சுவர்களும் பார்க்கவே மனது வலிக்கிற நிலையில் இருக்கின்றன. இதே வேலையில் இறங்கப்போகிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வேலையை எடுத்த கான்ட்ராக்டர் பொருளும் தானே வாங்கி வருவதாகச் சொன்னார். சரி, அலைச்சல் மிச்சம் என்று ஒப்புக்கொண்டேன். வாளிகள் வந்தபோதே ஏற்கெனவே திறந்திருந்தன. மூடியில் எந்தச் சீட்டும் இல்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

முதல் கோட் அடித்ததும் சுவர் பால் கலந்த நீலமாக நின்றது. "காய்ஞ்சா டார்க் ஆகிடும் சார்" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தால், வேலை செய்த தம்பி சின்னச் சின்ன ஸ்டெய்னர் (நிறம் ஏற்றும் அடர் சாயம்) பாட்டில்களை வாளிக்குள் பிழிந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். ஒரு வாளிக்கு எத்தனை பாட்டில் என்று கேட்டேன். கண் அளவுதான் என்றார்.

இரண்டாவது கோட்டில் நிறம் ஏறியது உண்மை. ஆனால் சுவரின் பாதியில் ஒரு வாளி தீர்ந்து அடுத்தது தொடங்கிய இடம் கோடு போட்டதுபோல் தெரிந்தது. ஒரு வாரம் கழித்தும் சுவரைத் தொட்டால் லேசாகப் பிசுபிசுத்தது. சாய்ந்து உட்கார்ந்தவர் சட்டையில் நீலம். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன், துணி முழுக்க நீலம். படுக்கையறைச் சிவப்பு இதைவிட மோசம். பட்டி பார்த்த இடங்கள் எல்லாம் உள்ளிருந்து வெள்ளைத் திட்டாகத் தெரிந்தன.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. கடையில் மெஷினில் நிறம் கலக்கும்போது எல்லா நிறத்துக்கும் ஒரே பெயின்டை எடுப்பதில்லை. நிறம் சேர்ப்பதற்கு முன் இருக்கிற அடிப்படைப் பெயின்டை பேஸ் என்கிறார்கள். வெளிர் நிறங்களுக்கு வெள்ளை பேஸ். அதில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்கும். சுவரை மறைப்பதும் அதுதான், எந்த நிறத்தையும் வெளுக்கவைப்பதும் அதுதான். மயில்கழுத்து, அரக்கு மாதிரி நிறங்களுக்கு அந்த வெள்ளை குறைவாகவோ அறவே இல்லாமலோ இருக்கிற டீப் பேஸ் தனியாக உண்டு. நிறக்கலவை அதிகம் சேர்க்க அதில் இடமும் விட்டிருப்பார்கள். வெள்ளை பேஸில் எவ்வளவு ஸ்டெய்னர் ஊற்றினாலும் அந்த ஆழம் வராது. அளவுக்கு மேல் ஊற்றினால் பெயின்ட் சரியாக இறுகாது, கையில் ஒட்டும். என் வீட்டில் நடந்தது அதேதான். பின்புறம் கிடந்த காலி வாளியில் வழிந்து காய்ந்திருந்த பெயின்டைச் சுரண்டிப் பார்த்தேன். வெள்ளை என்றே அச்சடித்திருந்தது.

கான்ட்ராக்டரிடம் கேட்டதற்கு, "டார்க் கலர் எடுத்தா இப்படித்தான் சார், நீங்கதானே கேட்டீங்க" என்று பதில். பணத்தைவிட எனக்கு அதிகம் வலித்தது இந்த வார்த்தைதான். தன் வேலையின் குறையை நான் ஆசைப்பட்ட நிறத்தின் தலையில் கட்டினார். இதைக் கேட்டுப் பயந்து எத்தனை பேர் மறுபடி வெளிர் மஞ்சளுக்கே போயிருப்பார்களோ! நிறம் எந்தத் தவறும் செய்யவில்லை. பேஸ் தவறு, பிரைமர் என்கிற அடிப்பூச்சு தவறு, கோட் கணக்கும் தவறு. மூன்று கோட் என்று பேசிவிட்டு இரண்டோடு நிறுத்திவிட்டார். இப்போது போன் எடுப்பதில்லை.

ஆகவே, மெஷினில் கலந்த வாளி மூடியில் ஷேட் எண், எந்த பேஸ், கலந்த அளவு எல்லாம் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டுடன், மூடிய வாளியாகக் கொண்டுவந்து, உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள். கலந்த பெயின்டைப் பொதுவாகத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் ஷேட் எண்ணை இரண்டு முறை சரிபார்ப்பது நல்லது. ஒரு சுவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாளி தேவைப்பட்டால், எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டு அடிக்கச் சொன்னால் பாதியில் கோடு விழாது. டீப் பேஸுக்கு மறைக்கும் சக்தி குறைவு. அதனால் வெள்ளைப் பிரைமருக்குப் பதில் சாம்பல் நிறம் ஏற்றிய பிரைமர் அடித்தால் மூன்றாவது கோட்டிலேயே ஆழம் வந்துவிடும். சிவப்புக்கு நான்காவதும் தேவைப்படலாம். எத்தனை கோட் என்பதை எழுதி வாங்குங்கள்.

மாதிரி அடித்துக் காட்டச் சொன்னபோதும் அவர் மறுத்தார். மாதிரிக்கு மறுக்கிறவரிடம் வேலையே கொடுக்காதீர்கள். கார்டில் விரல் நகம் அளவு தெரிகிற நிறம் முழுச் சுவரில் இன்னும் பலமாகத் தெரியும். ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலையிலும் மாலையிலும், இரவில் உங்கள் பல்பு வெளிச்சத்திலும் சுவரோடு வைத்துப் பாருங்கள். மஞ்சள் வெளிச்ச பல்பின் கீழ் நீலம் மங்கி பச்சைப் பக்கம் சாயும், சிவப்பு இன்னும் சூடேறும்.

இப்போது வேறு ஒரு பெயின்டர் வந்து பார்த்திருக்கிறார். ஒட்டாத நிறத்தை எல்லாம் கழுவிச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, நன்றாகக் காயவிட்டுப் பிரைமரிலிருந்து தொடங்க வேண்டுமாம். மயில்கழுத்து நிறத்தையே மறுபடி கேட்டிருக்கிறேன். இந்த முறை வாளியை நான் வாங்கி வருகிறேன்.