செபியா ஃபில்டரை விட்ட பிறகு: ஏழு வருட டோனிங் அனுபவம்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து பழுப்பு, நீலம் போன்ற ஒரு சாயல் ஏற்றுவது எனக்கு ஏழு வருடப் பழக்கம். பெரும்பாலும் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள், இடையில் இரண்டு வருடம் ஃபோட்டோஷாப், கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா படங்களுக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருள். ஆரம்பத்தில் பழைய படம் போன்ற பழுப்பைத் தரும் செபியா ஃபில்டரைத் தட்டியதும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. எந்த நிறம் என்று தேடிக்கொண்டே இருந்தவனுக்கு, அந்த நிறம் எந்த வெளிச்சத்தில் போய் உட்காருகிறது என்று பார்க்கத் தோன்றவே மூன்று வருடம் ஆனது.

கண் திறந்தது பழைய இருட்டறை முறைகளைப் படித்தபோது. டோனிங், டின்ட்டிங் இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தேன். டோனிங்கில் தாளில் உள்ள வெள்ளி வேறு பொருளாக மாறுகிறது. செபியா என்றால் வெள்ளி சல்ஃபைடு, பழுப்பு அதிலிருந்துதான் வருகிறது. வெள்ளியே இல்லாத இடம், அதாவது தாளின் வெள்ளை, வெள்ளையாகவே நிற்கும். டின்ட்டிங்கில் சாயம் தாள் முழுக்க ஏறும். கறுப்பில் அது தெரியாது, வெள்ளை மட்டும் நிறம் மாறியதாகத் தெரியும். ஒன்று இருளைத் தொடுகிறது, மற்றது வெளிச்சத்தை.

படம் முழுக்க ஒரே நிறம் ஏற்றும் வசதிகளான கிம்ப்பின் கலரைஸும் ஃபோட்டோஷாப்பின் ஹ்யூ/சாச்சுரேஷனில் உள்ள கலரைஸும் இந்த இரண்டில் எதையும் செய்வதில்லை. முழுக் கறுப்பையும் முழு வெள்ளையையும் விட்டுவிட்டு நடுச்சாம்பலில் நிறத்தைக் கொட்டுகின்றன. முகம் பெரும்பாலும் அந்த நடுச்சாம்பலில்தான் இருக்கும். என் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் படத்தில் கன்னமெல்லாம் காவி பூசினாற்போல் ஆகிவிட்டது. நரைமுடியும் ஜன்னல் வெளிச்சமும் மட்டும் பளீர் வெள்ளை. ஒரே படத்துக்குள் இரண்டு தாள் ஒட்டியது போல இருந்தது.

அடுத்துப் போனது கிரேடியண்ட் மேப், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒவ்வொரு ஒளிர்வுக்கும் ஒரு நிறத்தைப் பொருத்தும் வசதி. இன்றுவரை எனக்கு அதிகம் கைகொடுப்பது இதுதான், ஆனால் இதிலும் ஒரு வருடம் தவறாகவே செய்தேன். இடது முனையில் கறுப்பு, வலது முனையில் க்ரீம், நட்டநடுவில் செபியாவுக்கு எல்லாரும் சொல்லும் 112, 66, 20 (சிவப்பு, பச்சை, நீல அளவுகள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) என்ற பழுப்பு. எந்தப் படத்தில் போட்டாலும் படம் இருண்டுவிடும். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கண்ணுக்குத் தெரியும் ஒளிர்வில் சிவப்புக்கு சுமார் 30 சதவீதம், பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 பங்கு. அந்தப் பழுப்பை இப்படிக் கூட்டினால் சுமார் 75 வருகிறது. நடுச்சாம்பல் 128. ஆக, 128-ல் இருந்த கன்னத்தை நானே 75-க்கு இறக்கிக்கொண்டிருந்தேன். 75 என்பது 255-ல் சுமார் 29 சதவீதம். பழுப்பு இருக்கவேண்டிய இடம் 50 சதவீதம் அல்ல, 29. கிரேடியண்ட் எடிட்டரில் அந்தப் புள்ளியை அங்கே நகர்த்தியதும் முகம் தன் வெளிச்சத்துக்குத் திரும்பியது. புள்ளியை நகர்த்த விருப்பமில்லை என்றால், மேப் போட்ட லேயரின் (படத்தின் மேல் வைக்கும் அடுக்கின்) கலப்பு மோடை எல்சிஎச் கலர் என்று மாற்றுங்கள். நிறம் மேல் லேயரிலிருந்தும் ஒளிர்வு கீழே உள்ள படத்திலிருந்தும் வரும்.

இதே மேப்பில் சயனோடைப் எனும் பழைய நீல அச்சுமுறையின் சாயலும் எடுக்கலாம். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த அந்த முறையில் கறுப்பே கிடையாது. மிகக் கருத்த இடமும் பிரஷ்யன் நீலம்தான். அதனால் இடது முனையில் கறுப்பை வைக்காமல் 0, 49, 83 வைத்துப் பாருங்கள். கறுப்பை வைத்தால் நீலக் கண்ணாடி போட்ட படம்தான் கிடைக்கும்.

டின்ட்டிங்குக்கு, ஒளிர்வை ஒரு வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸ் கருவி போதும். நீலச் சேனலை (படத்தின் நீலப் பங்கை மட்டும்) தேர்ந்து, வலது மேல் முனையை 255-லிருந்து 240-க்கு இறக்கினால் வெள்ளை க்ரீமாகும். ஒளிர்வில் நீலத்தின் பங்கு குறைவு என்பதால் படம் இருண்டது போலவும் தெரியாது. இடது கீழ் முனையை 10-க்கு ஏற்றினால் கறுப்பில் மெல்லிய நீலம் ஏறும். அத்தையின் நரைமுடிக்கும் ஜன்னலுக்கும் தேவைப்பட்டது இந்த 240 மட்டும்தான். 225-க்குக் கீழே போனால் தேநீர் கொட்டிய காகிதம் போல ஆகிவிடுகிறது.

இரட்டை நிறம் வைக்க, வெளிச்சத்தில் பழுப்பு, இருளில் குளிர்ச்சி என்ற வரிசையையே பிடித்துக்கொள்கிறேன். இருட்டறையில் செபியாவுக்கான பிளீச் (வெளுக்கும் கரைசல்) வெளிறிய இடங்களைத்தான் முதலில் தொடும். சீக்கிரம் எடுத்துவிட்டால் பழுப்பு அங்கேயே நிற்கும். செலினியம் என்ற டோனிங் கரைசல் பொதுவாகக் கருமையில் முதலில் வேலை செய்யும். கலர் பேலன்ஸில் ஹைலைட்டுக்கு மஞ்சள் பக்கம் 8, ஷேடோவுக்கு நீலப் பக்கம் 5, ஒளிர்வைக் காக்கும் டிக் போட்டபடி. டார்க்டேபிளின் ஸ்பிளிட் டோனிங்கும், லைட்ரூம் 2020-ல் கொண்டுவந்த கலர் கிரேடிங்கும் செய்வது இதே வேலைதான், சக்கரமும் ஸ்லைடரும் மட்டும் வேறு.

ஒரு இழப்பையும் சொல்லவேண்டும். ஒருமுறை உறவினர் ஒருவருக்காக நாற்பது படங்களை ஒரே மூச்சில் டோன் செய்தேன். மாலை ஆனதும் கணினித் திரை தானாக இரவு மோடுக்குப் போய் மஞ்சளடித்திருந்தது. நான் கவனிக்கவில்லை. பழுப்பு போதும் போதும் என்று குறைத்துக்கொண்டே போயிருக்கிறேன். காலையில் திறந்தால் பாதிப் படங்களில் டோனே இல்லை, சிலவற்றில் நிழலெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. அத்தனையையும் மறுபடி செய்தேன். திரை சரியாக இருந்தாலும் கண் ஏமாற்றும். பத்து நிமிடம் பழுப்பையே பார்த்தால் அது வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும், கை தானாக ஸ்லைடரை ஏற்றும். அதனால் படத்தைச் சுற்றி நிறமற்ற சாம்பல் ஓரம் விட்டுத்தான் வேலை செய்கிறேன். எது சரி என்று தோன்றுகிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சேமிக்கிறேன். மறுநாள் பார்க்கும்போது அதுதான் சரியாக இருக்கிறது.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாக. ஃபோட்டோஷாப்பின் டூயோடோன் (இரண்டு மை நிறங்களில் படமாக்கும் வசதி) 8 பிட் கிரேஸ்கேல் படத்தில் மட்டுமே திறக்கும். அச்சு மைக்காக உருவான வசதி அது, திரைக்கான வேலையில் நான் தொடுவதில்லை. 8 பிட்டில் 256 படிகள்தான் என்பதால் வானம், வெற்றுச்சுவர் போன்ற இடங்களில் டோன் ஏற்றியதும் வரிவரியாகப் பட்டை தெரியும். ஸ்கேனை 16 பிட்டில் எடுத்தால் அந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். கிம்ப் 2.10 வந்தபோது 16 பிட்டும் வந்தது. ஆனால் கர்வ்ஸ் போட்டால் போட்டதுதான், ஒவ்வொரு முறையும் லேயரை நகலெடுத்து வைப்பேன். 2025-ல் வந்த 3.0-ல் கர்வ்ஸும் கலர் பேலன்ஸும் லேயரின் மேல் தனியாக நிற்கின்றன, எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம்.

அத்தையின் படத்தை ஐந்தாவது முறையாகச் செய்தது அப்படித்தான். 29 சதவீதத்தில் பழுப்பு வைத்த மேப் லேயர் 40 சதவீத ஒப்பாசிட்டியில் (ஒளிபுகாமையில்), அதன் மேல் நீலச் சேனல் 240. போன வாரம் அதைத் திறந்து 242 ஆக்கினேன். நரைமுடி இழைகள் இப்போது தனித்தனியாகத் தெரிகின்றன.