கியூ10: சாளையா, கேப்சூலா, கிரீமா?

களியக்காவிளை சந்தையில் சாளை வாங்கிவிட்டு மருந்துக்கடைக்கு வந்த என் மைனியின் கையில் ஒரு துண்டுச்சீட்டு: ‘கோஎன்சைம் கியூ10’. கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். யுபிகுவினோன் கேப்சூல், அதைவிட விலை கூடிய யுபிகுவினால் கேப்சூல், முகத்துக்கு ஒரு கிரீம். “எது நல்லது தம்பி?” என்று மைனி என்னிடம் கேட்டார்.

முதலில் சாளை. கியூ10 செல்கள் ஆற்றல் உண்டாக்க உதவுவது; நம் உடம்பே செய்துகொள்ளும் பொருள்தான், மீனிலும் உண்டு. ஆனால் 100 கிராம் சாளையில் ஏறத்தாழ 6 மில்லிகிராம். 100 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றுக்கு ஈடாக ஒன்றரை கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். சாளையை அதன் ருசிக்கும் நல்ல கொழுப்புக்கும் தின்போம்.

யுபிகுவினோன், யுபிகுவினால் இரண்டும் கியூ10-இன் இரு வடிவங்கள். கேப்சூல்களில் நான் யுபிகுவினோன் பக்கம். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வேலையைச் செய்வது யுபிகுவினால் வடிவம்தான், உண்மை. ஆனால் உடம்பு ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. 1957-ல் ஃபிரெடரிக் கிரேன் மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்ததும் யுபிகுவினோனைத்தான். 2014-ல் வெளிவந்த கியூ-சிம்பியோ ஆய்வில் இதயம் பலவீனமான 420 பேர் கலந்துகொண்டார்கள். தினம் 300 மில்லிகிராம் யுபிகுவினோன் 2 வருடம் எடுத்தவர்களில் 15 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கும் இதயம் சார்ந்த பெரிய பாதிப்பு வந்தது. வழக்கமான மருந்துகளோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. எண்ணெயில் கரைவது என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம். தேங்காய் அரைத்த மீன்குழம்புச் சோறு உண்டதும் போடலாம்.

கிரீமுக்கு அவ்வளவு பணம் கொடுக்க எனக்கு மனமில்லை. கியூ10-இன் மூலக்கூறு எடை 863. 500-ஐத் தாண்டினாலே தோலுக்குள் இறங்குவது கடினம். மேல்தோலில் கொஞ்சம் சேரும், மெல்லிய சுருக்கம் சற்றுக் குறையலாம். வெளிச்சம் பட்டால் கெடும் சரக்கு அது. கடைக்காரர் காட்டியதோ கண்ணாடிபோல் தெளிந்த டப்பா. அந்தக் காசுக்கு சன்ஸ்கிரீன் வாங்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் “யாருக்கு மைனி?” என்று கேட்டேன். அவருடைய அம்மாவுக்காம். அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் இதய வால்வு மாற்றி, தினமும் வார்ஃபரின் போகிறது. கியூ10-இன் அமைப்பு இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை ஒத்தது. இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரினின் வேலையை அது குறைத்துவிடலாம். செயற்கை வால்வில் இரத்தம் கட்டினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டு கேப்சூல் டப்பாவையும் திருப்பிக் கொடுத்தோம். சீட்டின் பின்பக்கத்தில் ‘வார்ஃபரின் — டாக்டரிடம் கேட்க’ என்று எழுதி மைனியிடம் கொடுத்தேன்.