உவர்மலை வீட்டில் ஒரு லினக்ஸ் ரவுட்டர்

இந்த முறை டொரொன்டோவிலிருந்து மூன்று கிழமை லீவில் திருகோணமலைக்குப் போனேன். அம்மா உவர்மலையில் தனியே இருக்கிறார் என்று போன வருடம் வாசலுக்கும் கிணற்றடிக்கும் கேமரா பூட்டுவித்திருந்தோம். போன இரண்டாம் நாள் வைஃபையை நிறுத்திவிட்டு, போன் டேட்டாவில் வீட்டு ஐபி முகவரியை அடித்துப் பார்த்தேன். கேமராப் பெட்டியின் உள்நுழைவுப் பக்கம் வந்து நின்றது. பூட்டியவர்கள் வெளியிலிருந்து கேமராவுக்கு வரும் வழியான போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிட்டு, கம்பனிக் கடவுச்சொல்லைக்கூட மாற்றாமல் போயிருக்கிறார்கள். அம்மா கிணற்றடியில் உடுப்புக் காயப்போடுவது என் கையில் தெரிந்தது. எவரும் இதைப் பார்த்திருக்கலாம். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

போர்ட்டை உடனே மூடினேன். ஆனால் ஒஸ்லோவில் இருக்கும் தங்கைக்கும் வாசல் தெரிய வேண்டுமே. மத்திய வீதிப் பக்கம் பழைய கணினி விற்கும் கடையொன்றில் ரவுட்டராக்கத் தோதாக, இரண்டு லான் போர்ட் (வலைக் கம்பி செருகும் துளை) உள்ள சின்னக் கணினிப் பெட்டி கிடைத்தது. கடைத் தம்பி மூடியைக் கழற்றி விசிறியைத் துப்புரவாக்கித் தந்தார். "கடல் காத்து அண்ணை, போர்ட்டில பச்சை பிடிக்கும். ஜன்னலடியில வைக்காதேங்கோ" என்றார். சொன்னபடி உள் அறை அலுமாரியில் வைத்தேன்.

அதில் டெபியன் என்ற லினக்ஸும், எதை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸும் போட்டேன். விதிகள் நீளமில்லை. வெளியிலிருந்து வருவதெல்லாம் தடை, உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதிலுக்கு மட்டும் வழி, தூரத்திலிருந்து வீட்டு வலைக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன்னான வயர்கார்டுக்கு ஒரு யுடிபி (தரவு அனுப்பும் முறைகளில் ஒன்று) போர்ட். பழைய வைஃபைப் பெட்டி அப்புறம் வைஃபை கொடுக்க மட்டும்தான்.

பைபர் பெட்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு (தான் ரவுட்டராக இல்லாமல் இணைப்பை அப்படியே என் பெட்டிக்குக் கடத்தும் நிலை) மாற்றுவதுதான் பெரும்பாடு. இணைய நிறுவனத்துக்கு மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கள்" என்றார்கள். நான்காம் நாள் மோட்டார் சைக்கிளில் வந்த தம்பியோ விளங்கப்படுத்தியதும் பத்து நிமிடத்தில் மாற்றி, பிபிபிஓஇ (பயனர் பெயர் கொடுத்து இணைய நிறுவனத்தோடு இணையும் முறை) பயனர் பெயரையும் கடதாசியில் எழுதித் தந்தார். ஒரு தேத்தண்ணீர்தான் குடித்தார், காசு வாங்கவில்லை.

எல்லாம் சரி என்றால், அம்மாவின் வங்கிப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, மற்றப் பக்கங்கள் வருகின்றன, இது மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பிபிபிஓஇ ஒவ்வொரு பொதியிலும் (இணையத்தில் போகும் தரவுத் துண்டு) 8 பைட் எடுப்பதால் 1500 பைட்டுக்குப் பதில் 1492தான் போகும். 'பொதி பெரிது, சிறிதாக்கு' என்று திரும்பிப் போகும் ஐசிஎம்பி (வலையில் கோளாறுகளை அறிவிக்கும் முறை) செய்தியை வழியில் யாராவது தடுத்தால், அனுப்புகிறவருக்குக் காரணமே தெரியாது. இணையப் பக்கங்கள் வரும் டிசிபி இணைப்பு தொடங்கும்போதே, ஒரு பொதியில் எவ்வளவு தரவு ஏற்றலாம் என்ற எம்எஸ்எஸ் அளவைப் பாதைக்கேற்பக் குறைக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். வங்கிப் பக்கம் உடனே வந்தது. ஃபயர்வால் எழுதுகிறவர்கள் தயவுசெய்து ஐசிஎம்பியை முழுதாக மூடாதீர்கள்.

கேமராப் பெட்டி இனித் தானாக வெளியே தொடர்புகொள்ள முடியாது. தங்கை வயர்கார்டைப் போட்டுத்தான் பார்க்கிறாள். அம்மா கேட்டபடி கிணற்றடிக் கேமராவைக் கழற்றி, பின் மதில் பக்கம் திருப்பிப் பூட்டிவிட்டு விமானம் ஏறினேன்.