மிரஜ் தம்புராவா, தஞ்சாவூர் தம்புராவா?

நாகர்கோவில் பக்கம் பாட்டு படிக்கிற பிள்ளைக்குத் தம்புரா வாங்கணும்னா, என் ஓட்டு தஞ்சாவூருக்குத்தான். பலா மரத்தைக் குடைந்து செய்த குடம்; பாட்டு வகுப்புக்குத் தூக்கிப் போய் வந்தாலும் தாங்கும். மகாராஷ்டிரத்து மிரஜ் தம்புராவின் குடம் காய்ந்த சுரைக்காய். எடை குறைவு, ஆனால் எதிலாவது இடித்தால் விரிசல்தான். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரக்காற்றில் சுருதி கலையும் தொல்லை இரண்டுக்கும் உண்டு.

நாதம் என்று வந்தால் மிரஜை விட்டுக்கொடுக்க மனசு வராது. கம்பிகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைமேல், கம்பிக்கு அடியில் இருக்கும் ஜீவா நூலை மயிரிழை நகர்த்திப் பாருங்கள். மந்தர ஸட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி ‘ஸ’, அறை முழுக்க விரியும். தஞ்சாவூரிலும் நூலுக்கு அதே வேலைதான். ஆனால் என் காதுக்குக் கார்வை (நாதம் நீண்டு ஒலிப்பது) சற்று அடக்கம். இந்துஸ்தானி கற்பவர்கள், வீட்டிலேயே வைத்துப் பாடுபவர்கள் தாராளமாக மிரஜ் வாங்கலாம்.